தேரி மண் என்ன மண்?

மூன்று பிடி மணலை எடுத்துக்கொள்வோம். முதல் பிடி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஆண்டில் முக்கால்வாசி நாள் தண்ணீரில்லாமல் கிடக்கும் பாலாற்றிலிருந்து. இரண்டாவது, தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டாரத்துக் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுக்காட்டிலிருந்து. மூன்றாவது, ராஜஸ்தானில் ஜெய்சல்மேரை அடுத்த சாம் மணற்குன்றிலிருந்து. ஊர்ப் பெயர் எழுதாமல் மூன்றையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் என்ன முடிவு வரும்? மூன்றிலும் பெரும்பகுதி மணல், களி சொற்பம், அங்ககக் கரிமம் அரை சதவீதத்துக்கும் கீழே, தழைச்சத்து குறைவு. தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் இதில் எது ஆறு, எது கடற்கரை, எது பாலைவனம் என்று பிடிபடாது. பாலாற்று மணலைப் பார்த்து யாரும் பாலைவனம் என்பதில்லை. தேரியை மட்டும் ‘தமிழ்நாட்டின் பாலைவனம்’ என்று சுற்றுலாக் காணொளிகளும் நாளிதழ் இணைப்புகளும் சளைக்காமல் சொல்லிவருகின்றன. காரணம் கேட்டால் செக்கச்செவேல் என்ற நிறத்தையும் மேடு மேடாகக் கிடக்கும் மணலையும் காட்டுவார்கள். ஆய்வுக்கூடம், வானிலைக் கணக்கு, நிலத்தின் கிடப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து விசாரிக்காமல் ஒரு மண்ணுக்குப் பெயர் வைக்க முடியாது. அப்படி விசாரித்தால் தேரி பாலைவனம் ஆகாது என்பதோடு, பாலைவனத்துக்கு அடையாளமாகக் காட்டப்படும் அந்தச் சிவப்பே எதிர்த்தரப்புச் சாட்சியாக மாறிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். விவசாயிகளுக்குத் தெரிந்த மண் பரிசோதனை என்பது மண்வள அட்டைதான். அந்தத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பட்ட இடம் ராஜஸ்தானின் பாலை நிலத்தில் இருக்கும் சூரத்கர். அட்டையில் பன்னிரண்டு அளவுகள் உண்டு: கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்ல இவை போதும். ஆனால் மணல் நிலத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஒன்று இந்தப் பன்னிரண்டில் இல்லை. மணல், வண்டல், களி என்ன விகிதம், மணலிலும் பருமணல் எவ்வளவு, நுண்மணல் எவ்வளவு என்ற கணக்குதான் அது. சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சலித்து, அடியில் தங்கும் தூளை நீரில் கலக்கிப் படியும் வேகத்தை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்தச் சோதனையைச் செய்த உடனே நம் மூன்று பிடிகளில் பாலாறு பிரிந்துவிடும். ஆற்று வெள்ளம் கூழாங்கல்லையும் உருட்டி வரும், பொடியையும் கலக்கி வரும். வெள்ளம் ஓயும்போது எல்லாம் ஒன்றாகப் படியும். காற்றுக்கு அந்தச் சக்தி கிடையாது. சரளையைத் தூக்க முடியாமல் விட்டுவிடும், தூசியை வெகுதூரம் அடித்துக்கொண்டு போய்விடும். நடுத்தர மணிகளே ஓரிடத்தில் குவியும். தேரியிலும் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்திலும் மணிகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் ஒரே சீராக இருப்பது அதனால்தான். ஆகவே இரண்டும் காற்று குவித்த மணல் என்பது உறுதி. பாலைவனம் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

அடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில சொட்டு மணலின்மேல் விடவேண்டும். தார்ப் பாலைவனத்து மண்ணில் பல இடங்களில் அது நுரைத்துப் பொங்கும், ஏனென்றால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது. வறண்ட நாட்டு மண்ணுக்கு இது ஒரு முத்திரை. பெய்யும் சொற்ப மழை மேல்மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். கொஞ்ச ஆழம் போனதும் நீர் தீர்ந்துபோகும், சுண்ணாம்பு அங்கேயே கட்டியாக உறையும். சுண்ணாம்புக் கட்டிகள் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று பார்த்தாலே மழை எவ்வளவு ஆழம் எட்டிப் பார்த்தது என்று சொல்லிவிடலாம். தேரியின் சிவந்த மேல்மணலில் பெரும்பாலும் இந்தப் பொங்கல் எழாது. அங்கிருந்த சுண்ணாம்பை நீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

இப்போது நிறத்துக்கு வருவோம். தேரி மணல் உள்ளுக்குள் சிவப்பில்லை. பட்டு நூலின்மேல் சாயம் ஏறியிருப்பதுபோல, வெளிறிய குவார்ட்ஸ் மணியின்மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் சிறிதளவு களியும் மெல்லிய பூச்சாக ஏறியிருக்கின்றன. சாயத்தைக் கழற்றவும் வழி உண்டு. ஒரு சிட்டிகை தேரி மணலை சோடியம் சிட்ரேட்டும் பைகார்பனேட்டும் கலந்த கரைசலில் போட்டு, 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்து, சோடியம் டைதயோனைட் தூளைச் சேர்த்துக் கால்மணி நேரம் கலக்கினால் செம்மை கழன்று கரைசலுக்குப் போய்விடும், குழாயின் அடியில் வெளிறிய மணல் நிற்கும். கரைசலில் இருக்கும் இரும்பை அளந்தால், இவ்வளவு பெரிய காட்டைச் சிவக்க வைக்க எவ்வளவு சொற்பமான இரும்பு போதும் என்று வியப்புதான் வரும். மொத்த எடையில் ஓரிரு சதவீத ஹெமடைட் இருந்தாலே மண் செவ்வையாகச் சிவந்துவிடும்.

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு இருக்கிறது. இந்தப் பகுதியின் நிலவியலை எழுதிய ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் அறிக்கை 1883-இல் வெளியானது. மேற்கே உள்ள செம்மண் சமவெளிகளைத் தென்மேற்குக் காற்று அரித்து, கிழக்கே கடலோரம் வரை அடித்து வந்து குவித்தது என்ற விளக்கம் அக்காலம் தொட்டு வழங்கிவருகிறது. அப்படியானால் மணல் வரும்போதே சிவப்பாக வந்தது. மற்றொரு தரப்பு, கடற்கரையிலிருந்தும் ஒருகாலத்தில் வெளியே தெரிந்த கடலடித் தரையிலிருந்தும் காற்று உள்ளே ஏற்றிய வெள்ளை மணல்தான் நின்ற இடத்திலேயே சிவந்தது என்கிறது. தென்கிழக்கு இந்திய மணற்குன்றுகள் எப்படிச் சிவந்தன என்று 1981-இல் ஆராய்ந்து எழுதிய ரீட்டா கார்ட்னரின் வேலை இந்தத் திசையில் முக்கியமானது. கனிமங்களை வைத்து இதைத் தீர்ப்பது கடினம். தேரியில் உள்ள இல்மனைட்டும் கார்னெட்டும் கடற்கரைக் கருமணலிலும் உண்டு, இரண்டுக்கும் பூர்வீகம் மேற்குமலைப் பாறைகள்தான். எனக்கு அதிக எடையுள்ளதாகப் படுவது நிலத்தில் கண்ணெதிரே கிடக்கும் ஒரு சான்று. கடலை ஒட்டிய இளைய மணல்மேடுகள் வெளிறிக் கிடக்கின்றன, அவற்றுக்கு உள்ளே இருக்கும் பழைய மேடுகள் சிவந்திருக்கின்றன. வயது ஏற ஏறச் சிவப்பு ஏறியிருக்கிறது என்றால், வந்தபின் ஏறிய நிறம் என்றுதானே பொருள்? மேற்கிலிருந்து வந்த செம்மண் தூசியும் ஓரளவு கைகொடுத்திருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கார்னெட் போன்ற இரும்புக் கனிமங்கள் சிதைந்து, இரும்பு வெளியேறி, மணிமேல் படிய வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். நனைவதும் காய்வதும் மாறி மாறி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடக்கவேண்டும். பாலைவனத்துக்கு அடையாளம் என்று காட்டப்படும் நிறத்தை ஏற்றியதே நீர்தான்.

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனமும் ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தின் உட்பகுதியும் சிவப்புதானே, அவை பாலைவனம் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கும் அது மணியின்மேல் ஏறிய இரும்புப் பூச்சுதான். வறண்ட நாட்டிலும் எப்போதாவது பெய்யும் மழையும் பனியும் நெடுங்காலத்தில் அந்த வேலையைச் செய்துவிடும். அதனால் சிவப்பு இருந்தாலே பாலைவனம் இல்லை என்று நான் வாதிடவில்லை. பாலைவனத்திலும் சிவப்பு உண்டு, பாலைவனம் அல்லாத இடத்திலும் உண்டு. எனவே நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மாறாக, ராஜஸ்தானத்துக் குன்றுகள் வெளிர் மஞ்சளாகவே இருக்கின்றன, அவற்றைப் பாலைவனம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

தீர்ப்புக்கு வானிலைக் கணக்கு தேவை. பாலைவனம் என்பது மணலின் பெயரல்ல, வரவுக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகாத ஒரு நீர்க்கணக்கு. ஓராண்டு மழையை, அந்த இடத்து வெயிலும் காற்றும் சேர்ந்து உறிஞ்சக்கூடிய நீரின் அளவால் வகுக்கவேண்டும். ஈவு 0.05 முதல் 0.20 வரை இருந்தால் வறண்ட நிலம், 0.20 முதல் 0.50 வரை இருந்தால் பாதி வறண்ட நிலம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அளவுகோல் பிரிக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். காஞ்சிபுரத்தின் 1,200-ஐப் பார்க்கப் பாதிதான், ஜெய்சல்மேரின் ஏறத்தாழ 200-ஐப் பார்க்க மூன்று மடங்கு. உறிஞ்சும் அளவை 1,600 என்று குறைத்துப் போட்டாலும், 1,900 என்று கூட்டிப் போட்டாலும் தேரி நாட்டின் ஈவு 0.41-க்கும் 0.34-க்கும் இடையில்தான் நிற்கும். பாலைவன எல்லைக்கு வெகு தூரம். நாகபுரியில் உள்ள தேசிய மண்ணாய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டப் பணியகம் இந்தியாவை 20 வேளாண் சூழல் மண்டலங்களாகவும் 60 துணை மண்டலங்களாகவும் பிரித்தபோது, பயிர் வளரும் அளவுக்கு ஈரம் நிற்கும் நாட்களையும் கணக்கிட்டது. தென் தமிழகக் கடலோரச் சமவெளிக்கு 90 முதல் 120 நாள், மேற்கு ராஜஸ்தானின் மருநிலத்துக்கு 60 நாளுக்கும் குறைவு.

பள்ளிப் பாடநூல்கள் இந்திய மண்ணை வண்டல், கரிசல், செம்மண், சரளை, பாலை என்று பிரித்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. உலக அளவில் மண்ணாய்வாளர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வகைப்பாட்டில் விவரம் கூடுதல். அதன் பன்னிரண்டு வரிசைகளில் ‘அரிடிசால்’ என்பது வறண்ட நாட்டு மண். தார் மணற்குன்றுகள் அந்த வரிசையில் வருவதில்லை. ஓயாமல் நகரும் மணலில் அடுக்குகள் உருவாகாததால் அவை ‘என்டிசால்’ என்ற இளம் மண் வரிசையில் சேர்கின்றன. அடுக்குகள் தெளியாத தேரி மணலும் அங்கேதான் பொருந்தும். அப்படியானால் வித்தியாசம்? பெயரின் முன்னொட்டில் இருக்கிறது. வறண்ட ஈரநிலை கொண்ட மணலுக்கு ‘டொரி’, பருவமழையால் ஆண்டில் சில மாதமாவது தொடர்ந்து நனைந்திருக்கும் மணலுக்கு ‘உஸ்டி’. சோதனைக் குழாயில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு மணல்களை மழைமானி பிரித்துவிடுகிறது.

வானிலை மட்டும் போதுமே, ஆய்வுக்கூடம் எதற்கு என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலும் சாத்தான்குளம் தேரியும் ஒரே மாவட்டம், ஒரே வானம். ஒரு கோடை மழையில் 25 மில்லிமீட்டர் பெய்ததாக வைத்துக்கொள்வோம். தன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டுமே பிடித்துவைக்கும் மணலில் அது 25 சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிடிக்கும் கரிசலில் ஏழெட்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். வெயில் மேலே உள்ள பத்து சென்டிமீட்டரைக் காயவைத்துவிடும் என்றால், கரிசலில் பெய்த மழை முழுதும் போயிற்று, மணலில் பாதிக்கு மேல் தப்பிவிட்டது. கரிசல்காட்டுக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் நனைந்த கரிசல் தை மாதம் வரை ஈரம் காக்கும், மணலோ பெய்த மறுவாரமே பொசுக்கும் என்பது அவர்கள் அனுபவம். அதுவும் மெய்தான். பெருமழையில் கரிசல் ஜெயிக்கும், சிறுமழையில் மணல் ஜெயிக்கும். அதனால்தான் ஈர நாட்களைக் கணக்கிடும்போது மணல் நிலத்தில் 30 முதல் 90 சென்டிமீட்டர் ஆழத்தையும், களி கூடிய நிலத்தில் 10 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தையும் பார்க்கவேண்டும் என்று அந்த அமெரிக்க வகைப்பாடு விதிக்கிறது. மணிகளின் அளவு தெரியாமல் ஈரத்தை எங்கே தேடுவது என்றே தெரியாது. தேரியில் நிலக்கடலை வாடும் காலத்திலும் பனையும் கொல்லாமரம் எனப்படும் முந்திரியும் பசுமையாக நிற்பது ஆழத்து ஈரத்தால்தான். காஞ்சிப் பட்டைப் போலவே புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டி இந்தச் செம்மணலின் ஓரத்தில்தான் காய்ச்சப்படுகிறது.

மூன்றாவது சாட்சி நிலத்தின் கிடப்பு. தேரி மேடுகளுக்கு இடையே மழைநீர் தேங்கும் அகன்ற பள்ளங்களைத் தருவை என்கிறார்கள். சாத்தான்குளம் பக்கத்தில் புத்தன் தருவையும் வைரவன் தருவையும் ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டன. மேலப்புதுக்குடியில் தேரி நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. செம்மணல் குடித்த மழை அடியில் வெளிப்படும் சுனைதான் அந்தச் சாமியின் பெயரிலேயே இருப்பது. மேடு ஏன் இங்கே குவிந்தது என்பதற்கும் நிலம்தான் பதில் சொல்கிறது. மேற்குமலைத் தொடரில் செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்த வாசல்கள். மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, காற்று மட்டும் வெறுங்கையோடு இந்தப் பக்கம் பாயும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, மன்னார் வளைகுடாவின் பெரும் பரப்பு தரையாகக் கிடந்தது. அள்ளி வீச மணலுக்குப் பஞ்சமே இல்லாத காலம் அது. பிறகு குன்றுகள் நிலைத்து, மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள். தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் விரிவாக எழுதினார்கள்.

இவ்வளவும் சரி, பாலைவனம் என்று சொன்னால்தான் என்ன குடிமுழுகிவிடும் என்பவர்களுக்குப் பதில் அரசாங்கத் தாள்களில் இருக்கிறது. ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் தயாரிக்கும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் ஆற்று மணல், கடற்கரை மணல், பாலைவன மணல் என்று தனித்தனி வகைகள் உண்டு. நம் மூன்று பிடிகளையும் அது சரியாகவே பிரிக்கிறது. ஆனால் மூன்றும் தரிசு என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. தரிசு என்றான நிலத்தில் மேலே இருப்பதற்கு மதிப்பில்லை, உள்ளே இருப்பதற்கு மட்டும் விலை உண்டு. தேரி மணலில் இல்மனைட் இருப்பதால் சாத்தான்குளம் பகுதியில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலைக்காக டாடா நிறுவனம் நிலம் கேட்டபோது, 2007-இல் எழுந்த எதிர்ப்பில் அந்தத் திட்டம் நின்றுபோனது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. ‘அங்கே என்ன இருக்கிறது, வெறும் பாலைவனம்தானே’ என்ற வாக்கியம் அந்த விவாதத்தில் ஒரு சான்றாகவே எடுத்து வைக்கப்படக் கூடாது என்பதுதான் என் கட்சி. மழையை வடிகட்டி அடியில் சேர்த்து, கடலுப்பு உள்ளே ஏறாமல் நன்னீரை அழுத்தி வைத்திருக்கும் மேடு அது.

விவசாயிக்கு இதனால் என்ன பயன் என்பது கடைசிக் கேள்வி, மற்றவற்றைவிட முக்கியமானதும் கூட. பெயரால் பயிர் விளையாதுதான். ஆனால் சிகிச்சை நோயறிந்து வரவேண்டும். மணல் என்று அறிந்த நிலத்தில் உர மூட்டையைக் கூட்டுவது வீண், அடுத்த மழையிலேயே அது வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். நீர் ஒழுகும் இத்தகைய நிலத்தில், மண் பதமாக இருக்கும்போது 400 கிலோ எடையுள்ள கல் உருளையை எட்டுப் பத்துமுறை உருட்டி இறுக்கவும், குளத்து வண்டலையும் களியையும் கலக்கவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் விதி தளர்ந்திருக்கிறது. மணல் நகர்வதைத் தடுக்க மரம் வளர்ப்பதில் ஜோத்பூரின் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, 1952-இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கிய நாளிலிருந்து, நீண்ட அனுபவம் உண்டு. காற்றுத் தடுப்பு வேலிகள், புல், பிறகு மரம் என்ற அந்த முறையை இங்கே கொண்டுவரலாம், நாட்காட்டியை மட்டும் கொண்டுவரக் கூடாது. தார் நாட்டில் காற்றும் மழையும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன, நட்ட கன்று வேர் பிடிக்குமுன் மணலடி படும். தேரியில் காற்றடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மழை இல்லை, மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் காற்று இல்லை. ஐப்பசி முதல் மழையில் நட்ட கன்றுக்கு அடுத்த ஆனிக் காற்று வருமுன் எட்டு மாத அவகாசம் கிடைக்கிறது, அதில் முதல் மூன்று மாதம் ஈர மணல்.